ஹெட்மாஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தால் பாடம் நன்றாக நடக்குமா?

அம்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "எச்.எம். ரவுண்ட்ஸ் வர்றார்னா, போர்டுல தேதி போட்டிருக்கமான்னுதான் பார்ப்போம்" என்பார். மேற்பார்வை பிடிக்காதவர்கள் சொல்கிற சாக்கு என்று நான் வாதாடியிருக்கிறேன். எட்டிப் பார்க்க ஆள் இருந்தால்தானே ஒழுங்காக நடத்துவார்கள்?

அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டப் பள்ளிகளைப் பற்றி கிரிசம், லோப், மாஸ்டர் மூவரும் 2013-ல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது என் வாதம் ஆட்டம் கண்டது. சுமார் நூறு தலைமை ஆசிரியர்களின் பின்னாலேயே நாள் முழுக்க ஆள் அனுப்பி, என்ன செய்கிறார்கள் என்று குறித்திருக்கிறார்கள். கற்பித்தல் சார்ந்த வேலைக்குப் போனது மொத்த நேரத்தில் 12.7 சதவீதம். அதில் ரவுண்ட்ஸுக்கு மட்டும் 5.4. ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் நடத்தும் முறையைப் பேச 0.5. எட்டு மணி நேர வேலைநாள் என்று கணக்குப் போட்டால் முன்னது 26 நிமிடம், பின்னது இரண்டரை நிமிடம்கூட இல்லை.

விஷயம் இனிமேல்தான். அந்த இரண்டரை நிமிட வேலைக்குக் கூடுதல் நேரம் தந்த பள்ளிகளில் மாணவர்களின் முன்னேற்றமும் கூடுதலாக இருந்தது. ரவுண்ட்ஸ் அதிகமான இடங்களில், குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில், குறைவாக இருந்தது! (அளந்தது மாணவர் மதிப்பெண்ணை, கற்பித்தலை நேரடியாக அல்ல. தொடர்பு இருப்பதாலேயே இதுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது.)

எங்கள் தொழிலில் இது புரியும். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் கோட் நன்றாகிவிடாது. கோட் ரிவியூவில் "இந்த வரியில் நல் வந்தால் என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டால் ஆகும். ராபின்சன் குழுவின் 2008 தொகுப்பாய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: ஆசிரியர்களின் பயிற்சியில் தலைமை ஆசிரியர் தானும் சேர்ந்து கற்பதற்கு விளைவளவு 0.84, இலக்கு வைப்பது, ஒழுங்கான சூழல் போன்ற மற்ற நான்கும் 0.27-க்கும் 0.42-க்கும் நடுவில்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்படி ஒரே ஒரு எச்.எம். இருந்தாங்கடா. ஒரு பீரியட் முழுக்க கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்துட்டு, 'பின்னம் நடத்தினப்போ பின்னாடி யாருக்கும் புரியலம்மா'ன்னாங்க. மறுநாள் பேப்பரை மடிச்சுக் காட்டி நடத்தினேன். அன்னிக்கும் வந்து உட்கார்ந்தாங்க."