வீட்டைக் கழற்றி வேறு ஊரில் பூட்டும் வித்தை

பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் ஒரு பழைய தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், பொக்லைனுக்கு முன்பே பழைய மர வியாபாரி வந்து நின்றுவிடுவார். தேக்குத் தூண், உத்திரம், வாசக்கால், கதவு எல்லாம் கீறல் விழாமல் லாரியில் ஏறிவிடும். பல தலைமுறை ஓரிடத்தில் நின்ற மரம் எப்படி இவ்வளவு லேசாகக் கழன்று வருகிறது?

அதில் இரும்பு ஆணி குறைவு என்பதுதான் காரணம். ஒரு மரத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, மற்றொன்றில் அதே அளவுக்குத் துளை எடுத்து, உள்ளே நுழைத்துக் குறுக்கே ஒரு மர முளையை அடித்திருப்பார்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். இந்த இணைப்பு அதற்கு இடம் கொடுக்கும். இரும்பாணியோ துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளந்துவிடும், பிடுங்கினாலும் சேதம். முளையைப் பின்பக்கமாகத் தட்டினால் வெளியே வந்துவிடும். தூணும் மண்ணில் புதைந்திருக்காது, கல்லின் மேல் நிற்கும். கூரையின் எடையே அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கரையானும் ஈரமும் சுலபத்தில் ஏறாது. கொரியாவின் பழைய வீடுகளான ஹனோக்குகளிலும் இதே ஏற்பாடுதான். அங்கே தச்சர்கள் ஒரு படி மேலே போய், கரடுமுரடான கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தூணின் அடியையே செதுக்கிப் பொருத்துகிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டை முழுசாக இடம் மாற்ற முடியும். ஸ்வீடனில் ஆர்தர் ஹாசீலியஸ் 1891ல் திறந்த ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் இதற்கு முன்னோடி. சியோலில் நாம்சான் மலையடிவாரத்தில் 1998ல் திறந்த நாம்சாங்கோல் மரபுக் கிராமத்தில் ஐந்து ஹனோக்குகள் உள்ளன. நான்கு, நகரின் வேறு வேறு பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. ஐந்தாவது மிகவும் பழுதாகியிருந்ததால், அதே போலப் புதிதாகக் கட்டினார்கள். நம் ஊரில் இதற்கு உதாரணம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் முயற்சி அது. வளாகத்தின் அமைப்பை வகுத்தவர் லாரி பேக்கர். செட்டிநாட்டு வணிகர் வீடும் கோட்டயம் அருகே புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன.

வேலை தொடங்குவது சுத்தியலில் அல்ல, அளவு நாடாவில். அறை அறையாக அளந்து வரைந்து, படம் எடுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போடுவார்கள். வெறும் எண் போதாது. எந்தச் சுவர், எந்தத் திசை, எது மேல்முனை என்பதும் வேண்டும். இரண்டு தூண்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஆனால் கையால் எடுத்த துளைகள் மயிரிழை வேறுபடும். இடம் மாறினால் உத்திரம் உட்காராது. பிறகு கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் ஓடு, ரீப்பர், கைமரம், உத்திரம், போதிகை, தூண், அடிக்கல் என்று இறக்க வேண்டும். சுவருக்குள் இருந்த முனைகள்தான் பெரும்பாலும் உளுத்திருக்கும். மரம் முழுவதையும் எறியாமல் கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, அதே சாதி மரத்தை ஒட்டுப்போடுவது நல்ல தச்சரின் வேலை. என்னைக் கேட்டால், கழற்றுவதைவிடக் கடினம் இந்த ஒட்டுதான்.

எல்லாம் லாரியில் வராது. மண் சுவரை உடைத்துக் கரைத்துப் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். கொரிய வீட்டின் ஓண்டோலும் அப்படியே. அடுப்புப் புகையைத் தரைக்கல்லுக்கு அடியில் ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் அந்தப் புகைவழிகளைப் புது இடத்தில் மறுபடி கட்டுவதுதான் வழி. காற்றும் கூட வராது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றுக்கும், குறைவான மழைக்கும் ஏற்றபடி எழுந்தவை நம் கொங்கு வீடுகளின் திண்ணையும் ஆசாரம் என்ற கூடமும். அவற்றைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் உப்புக்காற்று வேறு கணக்குப் போடும். ஆகவே கொங்கு வீட்டுக்குக் கொங்கிலேயே ஓர் இடம் வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டை இருந்த இடத்திலேயே காப்பது முதல் தரம், இடம் மாற்றுவது இரண்டாம் தரம். இரண்டுக்கும் வழியில்லாமல் இடிக்கத்தான் வேண்டும் என்றால், கோவையில் கட்டடக்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்களை அழைத்து வீட்டை அளந்து வரையச் சொல்லுங்கள். கழற்றுமுன் ஒவ்வொரு மரத்திலும் எண்ணை எழுதிவிடுங்கள்.