குலை நோய்ப் பூஞ்சையில் இடம்மாறும் மரபுக்கூறுகள்

இடம்மாறும் மரபுக்கூறுகள் என்பவை, ஓர் உயிரியின் மரபணுத்தொகுதியில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லக்கூடிய டி.என்.ஏ. துண்டுகள் ஆகும். இவற்றைத் தாவும் மரபணுக்கள் என்றும் கூறுவர். அமெரிக்க அறிவியலாளர் பார்பரா மெக்லின்டாக் 1940களில் மக்காச்சோளத்தில் இவற்றைக் கண்டறிந்தார். அதற்காக 1983இல் நோபல் பரிசு பெற்றார். பூஞ்சைகளிலும் இவை உண்டு. நெல்லில் குலை நோயை உண்டாக்கும் மேக்னபோர்த்தே ஒரைசே என்ற பூஞ்சை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தஞ்சையில் குலை நோய்

இந்தியாவில் இந்நோய் 1913இல் முதலில் பதிவானது. 1919இல் தஞ்சாவூர் டெல்டாவில் பெருமளவில் பரவிப் பயிரை அழித்தது. இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தைத் தாக்கினால் கழுத்து கருத்து ஒடியும், மணிகள் பதராகும். குளிர்ந்த இரவும் பனியும் மிகுதியான தழைச்சத்தும் நோயை வளர்க்கும்.

இடம்மாறும் முறைகள்

இக்கூறுகள் இரு வகைப்படும்.

1. வெட்டி ஒட்டுபவை: தாம் இருக்கும் இடத்திலிருந்து வெட்டப்பட்டு வேறிடத்தில் சேரும். குலை நோய்ப் பூஞ்சையில் உள்ள பாட்2, பாட்3 ஆகியவை இவ்வகை.

2. படியெடுத்து ஒட்டுபவை: முதலில் ஆர்.என்.ஏ. படி உருவாகும். அதிலிருந்து மீண்டும் டி.என்.ஏ. ஆகி வேறிடத்தில் சேரும். மூலப்பிரதி இருந்த இடத்திலேயே இருப்பதால் எண்ணிக்கை பெருகும். மேகி என்ற கூறு இவ்வகை.

2005இல் இப்பூஞ்சையின் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. சுமார் 4 கோடி எழுத்துகள் கொண்ட அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இத்தகைய திரும்பத் திரும்ப வரும் பகுதிகளே.

எதிர்ப்புத்திறன் முறியும் விதம்

நெல்லின் பி-டா என்ற எதிர்ப்பு மரபணு, பூஞ்சையின் ஏவிஆர்-பிடா மரபணு உருவாக்கும் புரதத்தை அடையாளம் கண்டு தற்காப்பைத் தொடங்குகிறது. திருடனின் அடையாளம் தெரிந்த காவலாளியைப் போன்றது இது. ஆனால் சில பூஞ்சைகளில், ஏவிஆர்-பிடா மரபணுவை இயக்கும் முன்பகுதியில் பாட்3 புகுந்துவிட்டது. மரபணு இயங்காததால் புரதம் இல்லை. நெல்லுக்கு அடையாளமும் இல்லை. நேற்றுவரை நோயைத் தாங்கிய இரகம் நோய்க்கு ஆளாகிறது.

வயல்களில் இப்பூஞ்சை பெரும்பாலும் பாலிலா முறையில், வித்துகள் மூலம் பெருகுகிறது. பல பூஞ்சைகளில் பாலினப் பெருக்கத்தின்போது, திரும்ப வரும் பகுதிகளில் திடீர்மாற்றங்களைப் புகுத்திச் செயலிழக்கச் செய்யும் காப்பு முறை உண்டு. வயலில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இக்கூறுகள் தொடர்ந்து நகர முடிகிறது.

பயிர் மேம்பாட்டில் பயன்

ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பும் இரகத்தை ஒரே ஒரு தாவல் முறியடிக்கக்கூடும். பல எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்தால் பூஞ்சை ஒரே சமயத்தில் பல மாற்றங்களைப் பெறவேண்டியிருக்கும், அது அரிது. ஆடுதுறை 43 இரகத்தில் பி54 என்ற குலை நோய் எதிர்ப்பு மரபணுவைப் பிற நோய்களுக்கான எதிர்ப்பு மரபணுக்களுடன் சேர்க்கும் ஆய்வு தமிழ்நாட்டில் நடந்துள்ளது. டெல்டா முழுவதும் ஒரே இரகத்தைப் பயிரிடாமல் இரகங்களை மாற்றிப் பயிரிடுவதும், தழைச்சத்தைப் பிரித்து இடுவதும் நோயின் வேகத்தைக் குறைக்கும்.