தக்காளி, கத்தரிச் செடிகளில் பற்றீரியா வாடல் நோய்

முதல் நாள் செழித்து நின்ற தக்காளிச் செடி, இலை மஞ்சளாகாமலே வாடித் தொங்குமாயின், நீர் போதவில்லையென எண்ணிக் கமக்காரர் மேலும் நீர் பாய்ச்சுவதுண்டு. பற்றீரியா வாடலாயின் இதனாற் பயனில்லை. நோய் அயற்செடிகளுக்கும் பரவும்.

இந்நோய்க்குக் காரணம் ரால்சுற்றோனியா என்னும் ஒருகலப் பற்றீரியாவாகும். இது மண்ணிலிருந்து வேர்க்காயங்களின் வழியே செடியினுட் புகும். ஒவ்வொரு கலமும் ஓர் இரசாயனப் பொருளைச் சிறிதளவு வெளிவிடும். இப்பொருள் 1997 இல் இனங்காணப்பட்டது. ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 1 கோடி கலங்கள் சேர்ந்ததும் அது செறிவடைந்து, கூட்டம் பெருகியதை அவற்றிற்கு உணர்த்தும். அப்பொழுது அவை ஒருங்கே பசைபோன்ற சளியைப் பெருமளவிற் சுரந்து, நீர் ஏறும் குழாய்களை அடைக்கும். ஆகவே நிலம் ஈரமாயிருந்தும் செடி வாடுகின்றது.

வாடிய தண்டின் அடிப்பாகத்தை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசையாது தொங்கவிடுக. சில நிமிடங்களிற் பால்போன்ற இழை இறங்கினால் இந்நோயென அறியலாம்.

வாடிய செடிக்கு மருந்தில்லை. கூட்டம் பெருகுமுன் தடுத்தலே வழி.

1. நோயுற்ற செடியை வேருடன் அகற்றி எரித்துவிடுக.
2. அவ்விடத்து நீரைப் பிற பாத்திகளுக்குப் பாயவிடலாகாது.
3. மண்வெட்டியைக் கழுவிய பின்னரே பிற பாத்திகளிற் பயன்படுத்துக.
4. களை கொத்தும்போது வேரைக் காயப்படுத்தலாகாது.
5. அடுத்த போகங்களில் அந்நிலத்திற் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நடாது, நெல் அல்லது சோளம் பயிரிடுக.