ஃபார்மட் போடும் முன் ரேமைச் சோதியுங்கள்

கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஃபார்மட் போட்டுத் தருகிறார்கள். பத்து நாளில் மறுபடி நீலத்திரை, மறுபடி ஃபார்மட். கல்யாண போட்டோக்களும் கல்லூரி ப்ராஜெக்டும் இப்படித்தான் அழிகின்றன. கோளாறு ரேமில் இருந்தால் எத்தனை முறை ஃபார்மட் போட்டும் பயனில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை.

முதலில் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் கூடாது. பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாக, ஒரே ஸ்லாட்டில் தனித்தனியே போட்டுப் பாருங்கள். பிழை காட்டும் திரையை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அதுதான் பின்னால் சாட்சி.

புதிதாக ரேம் வாங்குவதானால் மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான மெமரி பட்டியலைப் பார்த்து, ரேம் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் அதில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 நுழையவே நுழையாது, அதனால் அங்கே ஏமாற வழியில்லை. ஸ்லாட்டில் நுழைந்த பிறகு தகராறு செய்வதுதான் ஆபத்து. பழைய 8 ஜிபியோடு வேறு கம்பெனியின் 8 ஜிபியைச் சேர்க்காமல், ஒரே பெட்டியில் வரும் ஜோடியை வாங்குங்கள். கேபினெட்டோடு தள்ளிவிடும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். மின்சாரம் சீராக வராவிட்டால் நல்ல ரேமும் தடுமாறும்.

பில் வாங்குங்கள். ஜிஎஸ்டி எண், பார்ட் நம்பர், ரேமின் சீரியல் நம்பர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்றால் நகர்ந்துவிடுங்கள். எத்தனை வருட வாரண்டி இருந்தாலும் பில் இல்லாதவர் கம்பெனியிடம் எதைக் காட்டுவார்?

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. கடையில் வாய்ச்சண்டை வேண்டாம். எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

உதவி எண்ணில் பேசுபவர்களால் சமரசம்தான் பேச முடியும், உத்தரவு போட முடியாது. அது நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சுயதொழிலாக டிடிபி கடை நடத்திப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு தாக்கல் செய்யலாம். பில், புகார் நகல், மெம்டெஸ்ட் படம் மூன்றையும் இணையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.