தோட்டத்து மேடைகள் – 11: நாடகம் படிக்க எங்கே போவது?

சென்ற வாரக் கட்டுரையைப் படித்த ஈஜோக் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் படிவம் ஐந்தில் இருக்கிறேன். எனக்கு நாடகம் படிக்க ஆசை. வீட்டில் யாருக்கும் இதைப் பற்றித் தெரியவில்லை. எங்கே போய்ப் படிப்பது, ஐயா?" இந்த வாரம் முழுவதையும் அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன்.

ஈஜோக்கிலிருந்து மிக அருகில் இருப்பது புஞ்சாக் பெர்டானா. யுஐடிஎம் எனப்படும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திரைப்பட, நாடகப் படிப்புக்குப் பெயர்போன வளாகம் அது. ஆனால் யுஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். நம் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டிக் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். அங்கே அஸ்வாரா எனப்படும் தேசியக் கலைக் கழகம் இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்டது. நடிப்பு, இயக்கம், மலாய் நாடக வடிவங்களான மாக் யோங், பங்சவான் எல்லாம் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நாடகப் படிப்பு உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1970களிலிருந்தே நாடகத்தைப் பாடமாக நடத்திவருகிறது. தைரியமாக விண்ணப்பியுங்கள், தங்கச்சி. மலாய் நன்றாகத் தெரிந்த, தமிழில் குரல் எடுத்துப் பேசவும் தெரிந்த மாணவி எந்த நேர்காணலிலும் கவனிக்கப்படுவார்.

ஆனால் இந்தப் பதில் எனக்கு நிறைவு தரவில்லை. இவற்றில் எங்கே போனாலும், ஈஜோக்கைச் சுற்றியுள்ள கோலா சிலாங்கூர்த் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறைகள் ஆடிய நாடகம் அவருக்குத் தனிப் பாடமாகக் கிடைக்காது.

பள்ளியில் கிடைப்பது ஏட்டு நாடகம். எஸ்பிஎம் தமிழ் இலக்கியப் பாடத்தில் கவிதை, நாவலுடன் நாடகமும் இருக்கிறது. கு. அழகிரிசாமியின் 'கவிச்சக்கரவர்த்தி' பாடநூலாக இருந்திருக்கிறது. இடைசெவலில் பிறந்த அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தவர். இந்த மண்ணின் ஒரு தலைமுறை எழுத்தாளர்களையே வளர்த்தவர். நம்மோடு வாழ்ந்த ஒருவரின் நாடகத்தை நம் பிள்ளைகள் படிப்பது பெருமைதான். அந்தப் பாடத்தை எடுக்கும் உரிமைக்கே நாம் போராட வேண்டியிருந்தது. எஸ்பிஎம்மில் பத்துப் பாடங்கள் என்று 2009இல் வரம்பு கட்டியபோது எழுந்த எதிர்ப்பால்தான், தாய்மொழியும் அதன் இலக்கியமும் கூடுதலாக இரண்டு பாடங்கள் என்ற ஏற்பாடு வந்தது. ஆனாலும் அந்த நாடகத்தின் கம்பரும் ஒட்டக்கூத்தரும் விடைத்தாளில் மட்டுமே மோதிக்கொள்கிறார்கள். பாத்திரப் படைப்பு, கருப்பொருள், மொழிநடை என்று எழுதினால் மதிப்பெண். ஒரு வசனத்தையாவது எழுந்து நின்று பேசிக் காட்டச் சொல்லி எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

முந்திய தலைமுறைத் தோட்டப் பையனுக்கு நாடகம் கற்க லயத்தைவிட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. ரப்பர் தோட்டத்தின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால் வெட்டு, மங்கில் சேர்ந்த பாலை எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் பிற்பகலில் வேலை முடிந்துவிடும். சாயங்காலம் மனிதர்களுக்குச் சொந்தமானது. கோயில் திருவிழாவுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே நாடக வாத்தியார் ஆள் எடுப்பார். அரிச்சந்திரா, வள்ளி திருமணம், பவளக்கொடி, நல்லதங்காள் என்று எதையாவது முடிவு செய்வார்கள். வாத்தியாரிடம் கையால் எழுதிய நோட்டுப் புத்தகம் இருக்கும். நடிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. எல்லாம் கேட்டுப் பாடம்.

புக்கிட் ரோத்தானில் ஒரு முதியவரைப் பார்த்துப் பேசினேன். இளமையில் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடம் கட்டியவர், அரிச்சந்திராவில் சந்திரமதியாக நின்றவர். "வாத்தியார் ஒரு அடிய ஒருக்காத்தான் சொல்லுவாரு, தம்பி. நாம அதைப் பால் வெட்டுற நேரமெல்லாம் மரத்துக்கு மரம் சொல்லிக்கிட்டே போகணும். மறந்துட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி மூலையில நிக்கவேண்டியதுதான்" என்றார். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும் என்பதற்காக, இருட்டிய பிறகு திடலின் அந்தக் கோடியில் வாத்தியார் போய் நின்றுகொள்வாராம். கேட்கவில்லை என்றால் கையில் இருக்கும் டார்ச் லைட்டை அணைத்துவிடுவாராம். இப்போதைய நடிப்புப் பள்ளிகளில் குரல் வீச்சு என்று தனி வகுப்பு நடக்கிறது, இது அதேதான். ஆர்மோனியச் சுருதியோடு சேர்வது, அரிதாரம் கலப்பது, வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் எதிராளி எதை வீசினாலும் பாட்டிலேயே திருப்பிக் கொடுப்பது, இத்தனையும் அங்கே கற்றார்கள். நாள் முழுக்கக் கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் குனிந்து நின்ற ஒருவன் ராஜபார்ட்டாகத் தலை நிமிர்ந்து நடக்கப் பழகினான். இதைவிடப் பெரிய பயிற்சி அந்த நாளில் தோட்டத்தில் வேறெதுவும் இல்லை என்றே சொல்வேன்.

1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்துபோன பிறகு, புராணங்களோடு சீர்திருத்த நாடகங்களும் சேர்ந்தன. 1952இல் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளும், பின்னால் மணிமன்றங்கள் என்னும் இளைஞர் அமைப்புகளும் தோட்டத்து இளைஞர்களுக்குப் புது மேடை அமைத்துக் கொடுத்தன. இவற்றைப் பற்றி முன்பே விரிவாக எழுதிவிட்டேன்.

லயத்திலேயே நடந்த இந்த நாடகப் பள்ளி மூடப்பட்ட கதை, தோட்டம் மாறிய கதைதான். பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயாவை) ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். 1960களுக்குப் பிறகு செம்பனை ரப்பரை விரட்டத் தொடங்கியது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். லயங்கள் காலியாயின, சனம் காப்பாருக்கும் கிள்ளானுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியது. நாடகத்துக்கு இருபது பேர் ஒரே இடத்தில் மூன்று மாதச் சாயங்காலங்கள் கூட வேண்டும். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களால் அது முடியவில்லை. சினிமாவும் தொலைக்காட்சியும்தான் நாடகத்தைக் கொன்றன என்பதை நான் ஏற்கவில்லை. சினிமா வந்த பிறகும் தோட்டங்களில் பல வருடங்கள் வேஷம் கட்டினார்கள்.

மாணவிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அஸ்வாராவில் பங்சவான் கற்கப் போனால் அதை அந்நியமாக நினைக்காதீர்கள். 1870களில் பம்பாயிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பிறந்தது அது. 1885இல் முதல் பங்சவான் குழுவை அமைத்தவராக மாமாக் பூஷி என்பவரைச் சொல்கிறார்கள். பார்சிக் குழுக்கள் தமிழகத்துக்கும் வந்தன. வரைந்த படுதாக்களும் ஆர்மோனியமும் அந்தத் தாக்கத்தில்தான் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடைக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து நம் தோட்டங்களுக்கும் வந்தன. ஆக, பங்சவானும் தோட்டத்து நாடகமும் பங்காளிகள். ஒன்று தேசியக் கழகத்தின் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மற்றது சில முதியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

இப்படி நினைவில் மட்டும் இருந்ததைப் பாடமாக்க முடியும் என்று இலங்கைத் தமிழர் செய்து காட்டியிருக்கிறார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், அண்ணாவியார்கள் எனப்படும் கிராமத்துக் கூத்து ஆசான்களை அழைத்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' அப்படித்தான் மேடையேறின. அவரிடம் மாணவராக இருந்து ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். இன்று இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம். படிப்பறிவில்லாதவர் என்று எந்த அண்ணாவியாரையும் வித்தியானந்தன் வாசலில் நிறுத்தவில்லை. அதுதான் அங்கே நடந்த பெரிய காரியம்.

இங்கே தொடங்க வேண்டிய இடம் கோலா சிலாங்கூரே. புக்கிட் ரோத்தானிலும் ராஜா மூசாவிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உள்ள பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உறவில் வேஷம் கட்டியவர் யாராவது இருந்தால் இந்த மாதமே அவரைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வாத்தியாரின் நோட்டுப் புத்தகம் பரணில் கிடந்தால் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இந்த வார இதழுக்கு அனுப்புங்கள், பெயருடன் வெளியிடுகிறோம். இலக்கியப் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, பாடநூல் நாடகத்தில் ஒரு காட்சியையாவது மாணவர்களை நடிக்கவையுங்கள். அந்த வகுப்புக்கு ஒரு பழைய நடிகரை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவையுங்கள்.

(தொடரும்)