கரஃப்ஸ்: ஏட்டிலும் மாடித் தோட்டத்திலும்

அரபு மருத்துவ நூல்களில் ‘கரஃப்ஸ்’ என்றும், தமிழ் அகராதிகளில் ‘சிவரிக்கீரை’ என்றும், கடைத்தெருவில் ‘செலரி’ என்றும் வழங்குவது ஒரே செடியாகும். தண்டைத் தடிக்கச் செய்து பச்சையாக உண்பது ஐரோப்பியரின் பிற்கால வழக்கம். இலைக்காகவே வளர்க்கப்படும் மெல்லிய தண்டுடைய வகையே பழைமையானது. சீனத்திலும் மலாய் நாடுகளிலும் அடுப்பங்கரையில் இன்றும் ஆட்சி செய்வது அதுவே. தியாகராய நகர், அடையாறு பகுதிக் காய்கறிக் கடைகளில் நீலகிரியின் தடித்த தண்டுச் செலரி கிடைக்கின்றது. இலைச் செலரி வேண்டுவோர் பெரும்பாலும் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் இச்செடியின் இனத்தைத் தோட்டத்தில் வளர்வது, நீர்நிலையில் வளர்வது, மலையில் வளர்வது, பாறையில் வளர்வது எனப் பிரித்துக் கூறினார். மாலகாவில் பிறந்து 1248இல் மறைந்த இப்னுல் பைத்தார் போன்ற அரபு மருந்தியலார் அவ்வகைப்பாட்டை ஏற்று விரித்தனர். பாறைக் கரஃப்ஸ் எனப்பட்டதே இன்று நாம் பார்ஸ்லி என்பது. அரபியில் அதற்குரிய ‘பக்தூனிஸ்’ என்ற பெயர் மக்தூனியா என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாம். ஆகவே பழைய நூலில் கரஃப்ஸ் என்று கண்டவுடன் இந்தச் செடிதான் என்று முடிவு கட்டிவிடலாகாது. எவ்வகை என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

இதனினும் முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. கரஃப்ஸ் தின்று உறங்குபவரின் வாய் நறுமணம் பெறும், பல்வலியிலிருந்து அவர் காப்புப் பெறுவார் என்னும் கருத்தில் ஒரு செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரால் சொல்லப்பட்டு வந்துள்ளது. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) தமது ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதனை எடுத்துக்காட்டி, நபியவர்கள் மீது ஏற்றிச் சொல்லப்பட்ட பொய்யென்று ஐயத்திற்கிடமின்றி மறுக்கின்றார். மறுத்தபின் அவர் செய்வதுதான் நம் சிந்தனைக்குரியது. தோட்டக் கரஃப்ஸ் வாயை மணக்கச் செய்வது உண்மையே என்று அதன் பயனையும் எழுதிவைக்கின்றார். செடியின் குணம் வேறு, ஹதீஸின் தரம் வேறு. ஒரு கீரைக்குப் பயன் உண்டென்பதால் அதுபற்றிய பொய்ச் செய்தி மெய்யாகிவிடாது. செய்தி பொய்யென்பதால் கீரை பயனற்றதாகவும் ஆகிவிடாது. ‘திப்புன் நபவீ’ என்ற தலைப்பில் எதையும் ஆராயாமல் அச்சிட்டும் கைபேசியில் பரப்பியும் வருவோர் இப்பகுதியை ஒருமுறையேனும் படிப்பது நலம்.

இனி விதைக்கு வருவோம். மயிலாப்பூரில் நாட்டு மருந்துக் கடையில் அஜ்மோதா என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அசமதா ஓமம். அது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி. வடநாட்டில் அஜ்மோத் என்பது செலரி விதையையும் குறிக்கும். பஞ்சாபில் அது பெருமளவில் பயிராகி ஏற்றுமதியாகின்றது. யூனானியில் ‘துக்மே கரஃப்ஸ்’ எனப்படுவதும் செலரி விதையே. விதைப்பதற்கு மருந்துச் சரக்கை நாடாமல், ‘இலைச் செலரி’ என்று குறிப்பிட்ட புதிய விதைப் பொட்டலமே வாங்க வேண்டும். பூஞ்சைக்கொல்லி பூசப்பெற்ற நிறமேறிய விதையை எக்காரணங்கொண்டும் சமையலுக்கோ மருந்துக்கோ எடுக்கலாகாது.

விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் ஏறத்தாழ 2,000க்கு மேல் இருக்கும். முளைக்க ஒளி வேண்டும். ஆழமாக மூடினால் முளைக்காது. வெப்பமோ அதைவிடப் பெரிய பகை. 15 முதல் 21 பாகை செல்சியஸில் நன்கு முளைக்கும் இவ்விதை, 30ஐ நெருங்கும்போது உறங்கிப்போகின்றது. சென்னையில் ஜனவரி இரவிலும் வெப்பம் 20 பாகையளவில் நிற்பதால் சிறு உபாயம் தேவைப்படுகின்றது. விதையை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் பொதிந்து, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் சில நாள் வைத்தபின் விதைக்கலாம். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தட்டில் தூவி, மேலே அழுத்தி, தெளிப்பானால் மட்டும் நனைக்க வேண்டும். முளை தோன்ற இரண்டு, மூன்று வாரம் ஆகும். பொறுமையிழந்து தட்டைக் கொட்டிவிடுவோரே மிகுதி.

அக்டோபர் இறுதி அல்லது நவம்பரில் விதைப்பது நம் நகருக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழை வெப்பத்தைத் தணிக்கும். ஆனால் நேரே விழும் மழை நாற்றைச் சாய்த்துவிடுமாதலால் கூரையடி வேண்டும். நாலைந்து இலை விட்டதும் அரையடி ஆழத் தொட்டிக்கு மாற்றலாம். காட்டுக் கரஃப்ஸ் சதுப்பு நிலத்தில் வளர்வது. அதன் வழிவந்த இதற்கும் வேர் காயக்கூடாது. காலை வெயில் போதும். மார்ச் முதல் நிழல்வலை இன்றி மொட்டை மாடியில் வைத்தால் இலை கசந்து கருகும். வெளியிலைகளை மட்டும் கிள்ளி, நடுக்குருத்தை விட்டுவிட்டால் மீண்டும் மீண்டும் தழைக்கும்.

சமையலில் இதன் மணம் கொத்தமல்லியைவிடக் கடுமையானது. ஆகையால் பாதியளவே போதும். பத்தாம் நூற்றாண்டு பக்தாதின் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் கரஃப்ஸ் இடம்பெறுகின்றது. ஈரானியர் இறைச்சியோடும் புதினாவோடும் ‘கோரெஷ்தே கரஃப்ஸ்’ சமைக்கின்றனர். மலாய் மொழியில் இதன் பெயரே ‘தாவுன் சூப்’, அதாவது சூப் இலை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம் கடைகளில் ஆட்டுச் சூப்பின் மேல் பொரித்த வெங்காயத்தோடு இதைத் தூவுவர். கடல் கடந்து சென்ற நம் உறவினருக்குப் பழகிய இந்த மணம் தாயகத்து அடுப்பங்கரைக்கு அவ்வளவாக வந்து சேராதது வியப்பே. ஆட்டுக்கால் பாயாவிலும் நோன்புக் கஞ்சியிலும் இறக்கும் தறுவாயில் சேர்த்தால் நன்கு பொருந்துகின்றது. 2026இல் பிப்ரவரியில் அமையும் ரமளான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னகர்வதால், அடுத்த சில ஆண்டுகளுக்கு நோன்பு மாதமும் செலரி தழைக்கும் குளிர்காலமும் ஒன்றிவரும்.

தூவும் அளவில் இலை பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது. விதையின் நிலை வேறு. அது மாதவிலக்கைத் தூண்டுவதென யூனானி மருத்துவர் கூறுவதால் கருவுற்ற பெண்கள் அதனை மருந்தாக உட்கொள்ளலாகாது. சிலருக்குச் செலரி கடும் ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலத்தின்மீது இதனைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் எழுவதுண்டு. மாடியில் நிறையக் கிள்ளுவோர் மாலையில் கிள்ளி உடனே கைகழுவிக்கொள்வது நல்லது.