இரு கடல்களின் நடுவே: இராமேசுவரத் தீவில் கோடைக்கால மீன்பிடிப்பு

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் பலர், ஒருமுறையேனும் இராமேசுவரம் சென்றிருப்பர். அக்கினி தீர்த்தக் கரையில் கடல் குளம்போல் அடங்கிக் கிடப்பதைக் கண்டு வியந்திருப்பர். அங்கிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றவர்களோ, கோடையின் பிற்பகுதியாயின், சாலையின் தென்புறத்தில் அலைகள் ஓங்கி மோதுவதையும் வடபுறத்தில் நீர் அமைதியாக நிற்பதையும் ஒருங்கே கண்டிருப்பர். இஃது என்ன விந்தை என்று உள்ளூர் மக்களைக் கேட்டால், வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்று விடை கூறுவர். அத்தீவு மீனவரின் தொழிலறிவில் பெரும்பகுதி இவ்விரு பெயர்களுக்குள் அடங்கியுள்ளது. அதனைச் சற்று விரித்துரைப்பதே நமது நோக்கம்.

தீவுக்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் அமைந்துள்ளன. பாக் விரிகுடா ஆழமற்ற கடல். அதன் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டுவதில்லை. சேறும் மணலும் கடற்புல்லும் அதன் அடியில் பரந்து கிடக்கின்றன. மன்னார் வளைகுடாவோ கரையோரத்தில் பவளப்பாறைகளும் சிறு தீவுகளும் உடையது. தெற்கே செல்லச் செல்ல ஆழம் மிகுவது.

பெண்கடல் என்ற பெயரைக் கொண்டு அது எக்காலமும் சாந்தமானது என்று எண்ணிவிடலாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்று எழுந்தால் வடகடல் கொந்தளிக்கும். அப்பொழுது தென்கரையே மீனவருக்குப் புகலிடம். வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுத்ததும் நிலைமை மாறிவிடும். தென்கடல் சீறத் தொடங்கும், வடகடல் ஒதுக்கிடமாகும். ஆகவே கரைவலைக்காரரும் சிறுபடகினரும் காற்றையொட்டி வலையும் படகுமாகக் கரை மாறுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். கோடைக்காலம் என்பது அவர்களுக்கு வெயிற்காலம் மட்டுமன்று. தென்கடலை விட்டு வடகடலை நாடும் காலமுமாகும்.

முதலில் கரையிலிருந்து மீன் பிடிக்கும் முறையைப் பார்ப்போம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலும் அதனுடன் எழுந்த கடலும் தனுஷ்கோடி நகரை அழித்தன. இடிந்த கோயிலும் இரயில் நிலையமும் எஞ்சிய அம்மணலில் இன்றும் கரைவலை இழுக்கப்படுகிறது. வலையின் ஒரு பக்கத்துக் கயிற்றைக் கரையில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டு, படகினர் கடலுக்குள் சென்று வலையை அரைவட்டமாக இறக்குகின்றனர். பின்னர் மறுபக்கத்துக் கயிற்றுடன் சற்றுத் தொலைவில் கரை சேருகின்றனர். இரு குழுவினர் இரு கயிறுகளையும் ஒரே சீராக இழுத்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்குவர். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் தப்பிவிடும். நடுவிலுள்ள மடி கரையேறும்போதுதான் அன்றைய பலன் தெரியும். நெத்திலி, சூடை, காரல் ஆகியவை மிகுதியாகக் கிடைப்பதுண்டு; சில வேளைகளில் பாறை மீன்களும் அகப்படும். வருவாயில் வலைக்கும் படகுக்கும் உரிய பகுதி போக, எஞ்சியது இழுத்தவர்களுக்குப் பங்காகும். மடி வெறுமையாக வந்தால் பங்கும் வெறுமையே.

இனிப் படகில் சென்று பிடிக்கும் முறை. நாட்டுப்படகினர் பொழுது சாயும் வேளையில் செவுள்வலையை விரித்து, விடியற்காலையில் எடுக்கின்றனர். நீரில் சுவர்போல் நிற்கும் இவ்வலையின் கண்ணில் தலையை நுழைத்த மீன், செவுள் சிக்கிக்கொண்டு மீளமாட்டாமல் நிற்கும். கண்ணின் அளவு எதுவோ அந்த அளவு மீனே அகப்படும். சிறியது ஊடுருவிச் சென்றுவிடும். வடகடலின் சேற்றுப் பரப்பில் நண்டுவலை விரிப்போரும் உளர். தூண்டிலால் கணவாய் பிடிப்போரும் உளர். தென்கடலில் பாறைகளை அடுத்து மீன்கூடுகளை இறக்கும் முறையும் உண்டு. குச்சிகளால் முடைந்த கூட்டின் வாய் உள்ளே போகப் போகக் குறுகும். நுழைந்த மீனுக்கு வெளியேறும் வழி தெரியாது. ஓரா, விளமீன், கலவா முதலியவை இவ்வாறு உயிருடன் பிடிபடும். கச்சான் வலுக்குமுன் கூடுகளைக் கரையேற்றாதவர், அலை தணிந்தபின் அவற்றைத் தேடிக் காணுதல் அரிது.

இம்முறைகளில் ஒரு பொதுத்தன்மையைக் காண்கிறோம். காற்று மறித்த இடத்தில் வலை இறங்காது. ஆகவே ஒவ்வொரு கடலுக்கும் ஆண்டில் சில மாதங்கள் ஓய்வு கிடைத்து வந்தது. அவ்வோய்வை எவரும் சட்டமிட்டு வழங்கவில்லை, காற்றே வழங்கியது.

1960களிலிருந்து இழுவலை பூட்டிய விசைப்படகுகள் பெருகியபோது இந்நிலை மாறியது. பொறியின் வலிமை காற்றைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. கடலின் அடித்தரையைத் துழாவிச் செல்லும் இழுவலை, பெரிய மீனுடன் குஞ்சையும் கடற்புல்லையும் சேர்த்தே வாரிவிடுகிறது. ஆழமற்ற பாக் விரிகுடாவில் இதன் விளைவு கடுமையாயிற்று. காற்று அளித்த ஓய்வைச் சட்டத்தால் அளிக்கவேண்டிய நிலை ஏற்பட்டது.

அவ்வாறு வந்ததே மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் கோடையில் 45 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. பல மீனினங்கள் சினை கொள்ளும் காலம் இது என்பதே காரணம். அந்நாள்களில் விசைப்படகுகள் இராமேசுவரம் துறையில் வரிசையாக நிற்கும்; சில, பழுது பார்ப்பதற்காகக் கரையேற்றப்படும். நாட்டுப்படகினரும் கரைவலையினரும் மட்டும் தொழில் செய்வர். மீன் வரத்துக் குறைவதால் அவர்தம் மீனுக்கு நல்ல விலை கிடைப்பதுண்டு. ஆனால் விசைப்படகில் கூலிக்குச் செல்லும் தொழிலாளிக்கு அவ்விரண்டு மாதங்களும் நெருக்கடியானவை. அரசு அளிக்கும் நிவாரணத் தொகை ஓரளவு உதவினும், அது ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வருவாய்க்கு ஈடாகாது. வேறூர் சென்று கூலிவேலை பார்ப்போரும் உண்டு. பிழைப்பிற்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அவர்தம் நிலையைத் தனியே விளக்கவேண்டுவதில்லை.

தடைக்காலம் நீங்கிய பின்னரும் பாக் விரிகுடாவில் ஓர் ஏற்பாடு தொடர்கிறது. வாரத்தில் மூன்று நாள்கள் விசைப்படகுகளுக்கும் நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கும் எனக் கடல் பகிரப்பட்டுள்ளது. ஆயினும் கடல் குறுகியது. 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் அங்கே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எல்லை வரையப்பட்டது. மீன் அவ்வெல்லையை அறியாது. மீனைத் தொடர்ந்து செல்லும் படகோ எல்லை கடந்தால் பிடிபடுகிறது. மறுகரையில் வாழும் சிறுமீனவரும் தமிழரே. இழுவலை தம் வலைகளை அறுத்துச் செல்கிறது என்பது அவர்களின் குறை. இருபுறத்துக் குறைகளுக்கும் அடிப்படை ஒன்றே: கடல் தரக்கூடியதைக் காட்டிலும் மிகுதியாக அதனிடம் கேட்கப்படுகிறது.

வேறொரு கவலையும் உண்டு. 1986இல் தமிழ்நாட்டு அரசு மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அப்பாறைகள் எண்ணற்ற மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில் போன்றவை. கோடையில் கடல்நீர் அளவு மீறிச் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து வெளிறிவிடும். வெப்பம் நீடித்தால் மடிந்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெருமளவில் நிகழ்ந்தது. இத்தகைய வெப்பத்தைத் தடைக்காலச் சட்டத்தால் தடுக்க இயலாது. ஆயினும் ஓய்வு பெற்ற கடல், ஓய்வற்ற கடலைவிட விரைவில் தேறும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

தொலைவில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் நம்மில் பலர் வீட்டுக்கு வருவதுண்டு. கோடை வெயிலில் மணலிலும் வலையிலும் பரப்பி, காகம் அண்டாமல் காத்து, மாலையில் வாரியெடுக்கும் பெண்களின் உழைப்பு அது. சந்தையில் சினை நண்டையும் விரலளவுக் குஞ்சு மீனையும் வாங்க மறுப்பது நம்மால் இயன்ற சிறு உதவி. கோடையில் ஊர் மீன் விலையேறிவிட்டது என்று கேள்விப்படும்போது, கடலுக்கு அது ஓய்வுக்காலம் என்பதையும், அவ்வோய்வுக்கு உரிய விலையை நமக்கு முன்னரே ஒரு மீனவக் குடும்பம் கொடுத்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்வோமாக.